பனியன் பிரிண்டுக்கு ஃபோட்டோஷாப்பா, ஜிம்ப்பா?

கறுப்பு டீ-சர்ட்டில் காங்கேயம் காளை வேண்டும் என்று ஆர்டர் வந்தால் ஃபோட்டோஷாப்பைத் திறப்பேன். பழனி பாதயாத்திரைக் குழுவுக்கு மஞ்சள் பனியனில் சிவப்பு எழுத்தும் வேலும் என்றால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டுக்கு டிசைன் செய்து பழகியதில் வந்து சேர்ந்த முடிவு இது. ஸ்கிரீன் செய்வதற்காக டிசைனை ஃபிலிமில் அச்சிட்டுத் தரும் கடைக்கு ஃபைல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

காளையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியில் முதலில் அடி வெள்ளை, அதன்மேல் நான்கைந்து நிறம், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு நிறத்தையும் ஸ்பாட் சேனலாக, அதாவது தனித்தனி மை அடுக்காக வைத்து, அத்தனையையும் ஒரே பிஎஸ்டி அல்லது டிஃப் ஃபைலில் கொடுத்துவிடலாம். இதைத் தானாகப் பிரித்துத் தரும் கட்டண பிளக்இன்கள், அதாவது மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகள், இருக்கின்றன. நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் திமிலின் சாம்பல் நிழலில் நான் பயன்படுத்திய பிளக்இன் வெள்ளையை அள்ளிப் பூசிவிட்டது. சேனலைத் திறந்து கையால் குறைத்தேன். அடி வெள்ளையின் ஓரத்தை ஓரிரண்டு பிக்சல் உள்ளே இழுத்ததும் என் கையால்தான். இல்லையென்றால் மேல் நிறம் துளி நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

நிழலைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக மாற்றுவதற்கு (ஹாஃப்டோன்) இரண்டிலும் பிளக்இன் தேவையில்லை. ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேலிலிருந்து பிட்மேப்புக்கு மாற்றும்போது ஹாஃப்டோன் ஸ்கிரீன் என்று கேட்கும். ஜிம்ப்பில் நியூஸ்பிரிண்ட் ஃபில்டர். பழைய துணி போலத் தேய்ந்த தோற்றம் வேண்டுமென்றால் ஜிம்ப்புக்கு ஜிமிக் என்ற இலவச பிளக்இன் இருக்கிறது, பிரமாதமான சாமான். ஒன்று மட்டும் கவனம்: 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-இல், 2.10-க்கு எழுதிய பிளக்இன்கள் திருத்தி எழுதப்படாமல் ஓடாது. அதனால் ஒரு மெஷினில் 2.10-ஐ அப்படியே வைத்திருக்கிறேன். சிஎம்ஒய்கே என்ற நான்கு அச்சு மை நிற முறையிலேயே உட்கார்ந்து வேலை செய்ய ஜிம்ப்பில் வழியில்லை என்பார்கள். இரண்டு நிற எழுத்து வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. நிறத்துக்கு ஒரு லேயர், லேயருக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஃபைல்.

ஃபைல் வகையில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். நானும் ஒருமுறை ஜேபெக்கை அனுப்பிவிட்டேன். ஃபிலிம் கடை அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஏனுங் கண்ணு, எழுத்தச் சுத்தி ராகி தெளிச்சாட்டம் இருக்குது, இதையா ஸ்கிரீன்ல ஏத்தறது?” என்றார். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். கூர்மையான எழுத்தின் ஓரத்தில் அந்தக் கட்டத்துக்குள் மெல்லிய சாம்பல் பொடி சிதறும். மானிட்டரில் கண்ணுக்குப் படாது. ஹாஃப்டோன் போட்டதும் ஒவ்வொன்றும் புள்ளியாகி ஃபிலிமில் உட்கார்ந்துவிடும்.

பிஎன்ஜி அப்படிக் கெடுக்காது, பின்னணியும் இல்லாமல் வரும். ஆனால் அதில் சிஎம்ஒய்கே கிடையாது. இன்னொரு தொல்லை, ஃபோட்டோஷாப்பின் எக்ஸ்போர்ட் அஸ் வழியாக எடுத்தால் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) விவரம் உதிர்ந்துவிடுகிறது. 12×16 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் செய்த படம் 3600×4800 பிக்சல். அதையே 72 டிபிஐ என்று எடுத்துக்கொண்டால் அகலம் 50 அங்குலம்! ஃபிலிம் கடைக்காரர் போன் போடாமல் என்ன செய்வார்? சேவ் எ காபியில் டிஃப் எடுத்தால் இந்த வம்பில்லை. வெப்பி என்ற ஃபைல் வகை இணையக் கடைப் படத்துக்குச் சரி, ஃபிலிமுக்கு நான் தொடுவதில்லை.

ஜிம்ப்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், மற்றதெல்லாம் எக்ஸ்போர்ட். புதிதாக வருகிறவர்கள் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அவசரத்தில் லேயரெல்லாம் ஒட்டிப்போன ஃபைலை மூலத்தின் மேலேயே சேவ் செய்த வயிற்றெரிச்சல் ஜிம்ப்பில் எனக்கு வந்ததில்லை.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டை ஆர்டர்காரர்களுக்கு ஒப்புதல் படம் மட்டும் ஜேபெக்கில் வாட்ஸ்அப்பில் போகும். ஃபிலிமுக்கான டிஃப்களை ‘1 அடி வெள்ளை’, ‘2 சிவப்பு’ என்று அடிக்கிற வரிசையில் பெயரிட்டு, ஜிப் போட்டு, போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாகவே அனுப்புகிறேன்.