தானியங்கி வெல் டெஸ்ட் யூனிட்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

எண்ணெய்க் கிணறு ஒவ்வொன்றும் எவ்வளவு எண்ணெய், நீர், வாயு தருகிறது என்று தானாக அளக்கும் யூனிட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. போன மாதம் அதன் சாம்பிள் குழாயை வெட்டியெடுத்து வேறிடத்தில் வெல்ட் செய்தோம். அதைக் கேள்விப்பட்ட நண்பர் போன் பண்ணி, "நாலு வருஷமா ஓட்டுறீங்களே, நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்றார். அன்றிருந்த கோபத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கிணற்றை டெஸ்ட் செபரேட்டருக்கு (திரவத்திலிருந்து வாயுவைப் பிரிக்கும் கலன்) திருப்புவது, முந்தைய கிணற்றின் மிச்சம் வெளியேறும்வரை காத்திருப்பது, அளப்பது, அடுத்ததற்கு மாறுவது எல்லாம் தானாகவே நடக்கிறது. நடு ராத்திரி மழையில் மேனிஃபோல்டில் (எல்லாக் கிணற்றுக் குழாய்களும் வந்து சேருமிடம்) வால்வு திருப்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாதம் ஒருமுறை டெஸ்ட் ஆன கிணறுகள் இப்போது வாரம் ஒருமுறை ஆகின்றன. ஒரு கிணற்றில் பம்ப் தேய்ந்துவருவதை, மொத்தத் திரவ அளவு வாராவாரம் இறங்கியதை வைத்தே கண்டுபிடித்தோம். அந்த விஷயத்தில் யூனிட்டைக் குறை சொல்லவே மாட்டேன்.

வாட்டர் கட்டில், அதாவது வரும் திரவத்தில் நீர் எத்தனை சதவீதம் என்பதில்தான் தீராத எரிச்சல். உள்ளே இருக்கும் கோரியாலிஸ் மீட்டர் கலவையின் அடர்த்தியை வைத்து நீரின் பங்கைக் கணக்கிடுகிறது. எண்ணெய் 0.85, நீர் 1.05 என்று கொடுத்திருக்கிறோம், கலவை 0.95 வந்தால் பாதிக்குப் பாதி. ஆனால் அந்தக் கிணற்று நீரில் உப்பு குறைந்து அடர்த்தி 1.02 ஆகிவிட்டால், அதே 0.95-க்கு உண்மையான நீர் கிட்டத்தட்ட 59 சதவீதம். வாயு சரியாகப் பிரியாமல் 2 சதவீதம் குமிழாகச் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம்: அடர்த்தி 0.93 பக்கம் இறங்கி, 50 சதவீத நீர் 40 என்று தெரியும். கிணறு திடீரென்று தேறிவிட்டது போலிருக்கும். எங்கள் யூனிட்டில் ஒருமுறைகூட இதற்கு அலாரம் அடித்ததில்லை.

அதனால் சாம்பிள் எடுத்து ஒப்பிட்டே ஆகவேண்டும். 100 மில்லி கூம்புக் குழாயில் டொலுயீன், ஒரு சொட்டு டீமல்சிஃபையர் (எண்ணெயில் கலந்த நீரைப் பிரிக்கும் மருந்து) சேர்த்து, 60 டிகிரிக்குச் சூடாக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் நீர் அடியில் தெளிந்து நிற்கும். இடையில் பழுப்பாகப் பசை மாதிரி ஒரு படலம் நின்றால் அந்த அளவை நம்பக்கூடாது. மறுபடி சூடாக்கிச் சுற்றவேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும், பல கிணறுகளில் சாம்பிள் மீட்டரைவிட 12, 15 புள்ளி அதிக நீர் காட்டியது. இரண்டு வருடம் மீட்டரைத் திட்டினேன். சாம்பிளுக்கு ஏற்றபடி மீட்டரைத் திருத்தியும் வைத்தேன். அது பெரிய தப்பு.

வேகமாக ஓடும் கிணறுகளில் வித்தியாசமே இல்லை, மெதுவாக ஓடுபவற்றில் மட்டும்தான் என்பது ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. யூனிட்டோடு வந்த சாம்பிள் குழாய் படுக்கைவாட்டுப் பைப்பின் அடிப்பக்கத்தில் இருந்தது. ஓட்டம் மெதுவானால் நீர் அடியோடு தனியாக ஓடும். நாங்கள் பிடித்ததெல்லாம் அந்த நீரைத்தான். விற்றவர்களிடம் கேட்டால் "எல்லா யூனிட்டிலும் அப்படித்தான் கொடுக்கிறோம்" என்றார்கள். இதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எண்ணெயையும் நீரையும் கலக்கும் மிக்ஸருக்குப் பிறகு, செங்குத்துப் பைப்பில், நடுவரை நீண்டு ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் முனையிலிருந்து எடுக்கிறோம். குழாயில் தேங்கியிருப்பதை முதலில் வடித்துவிடுகிறோம். 8 மணி நேர டெஸ்டின் சராசரியை ஒரே பாட்டிலோடு ஒப்பிடாமல், மணிக்கு ஒன்றாகப் பிடிக்கிறோம். வித்தியாசம் 2, 3 புள்ளிக்குள் நிற்கிறது. மீட்டர் நல்ல மீட்டர்தான்.

ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றேன், இன்றும் அதையேதான் சொல்வேன். எங்களுக்கு இரண்டாவது யூனிட்டுக்கு கொட்டேஷன் வந்து மேசையில் கிடக்கிறது. வரைபடத்தில் சாம்பிள் குழாய் அதே அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றி வரைந்து அனுப்பும்வரை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.