அப்பாவின் ஆக்சிஜன் கருவியும் இன்வர்ட்டரும்: நான்கு வருட அனுபவம்

எங்கள் வீட்டு இன்வர்ட்டருக்கு ஒரே வேலைதான். கரன்ட் போனால் அப்பாவின் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் மின்விசிறி, விளக்குகளையும் அதில் சேர்த்திருந்தோம். ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

வாங்கும்போது நான் போட்ட கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, பெருக்கினால் 1800 வாட்-ஹவர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் எங்கள் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். ஆக, 5 மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். அப்பாவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, கான்சன்ட்ரேட்டரைச் சும்மா ஓடவிட்டு, மெயினை அணைத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 3 மணி 10 நிமிடத்தில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. பேட்டரி மேல் போட்டிருக்கும் அந்த 150, இருபது மணி நேரத்தில் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் குறைந்துவிடும். இன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகக் கரன்ட் தரும் சைன் வேவ் வகை இன்வர்ட்டர் வாங்கியது மட்டும் நான் செய்த உருப்படியான காரியம். மலிவான ஸ்கொயர் வேவ் வகையில் கான்சன்ட்ரேட்டருக்குள் இருக்கும் கம்ப்ரசர் உறுமும், சூடாகும்.

மூன்றாம் வருடம் ஒரு நள்ளிரவில் கரன்ட் போனது. மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று படுத்துவிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கான்சன்ட்ரேட்டரின் அலாரம் எழுப்பியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை; பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். சிலிண்டர் கட்டிலருகிலேயே நின்றது. அதைத் திறக்கும் சாவியைத்தான் காணோம்! டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரி முழுக்கத் துழாவிய அந்த நாலைந்து நிமிடங்களில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மூச்சு இல்லை.

இப்போது சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் தொங்குகிறது. 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் என்றால் உள்ளே சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் தாங்கும். ஓட்ட அளவை நாமாகக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. அது மருத்துவர் சொன்ன அளவிலேயே இருக்க வேண்டும்.

அம்மாவின் இன்சுலின் அவ்வளவு தொல்லை தரவில்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். ஐஸ் பையோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புது பேட்டரிக்கு மாதம் ஒருமுறை அரை மணி நேரச் சோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. அடிக்கடி முழுக்கக் காலியாக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். ஒவ்வொரு முறையும் வந்த நேரத்தை எழுதி அதன் மேலேயே ஒட்டிவைக்கிறேன். போன மாதம் 3 மணி 5 நிமிடம். நான் மெயினை அணைக்கப் போனாலே அப்பா கட்டிலில் இருந்து கேட்கிறார்: "சாவி இருக்கா, பாத்தியா?"