மோரிஸ் மைனரா, மெர்சிடிஸ் 230இ-யா? சுங்கை சிப்புட் சாலைக்கு எது?

தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வர வேண்டும், செமோர் வழியாக ஈப்போவுக்கும் ஓட வேண்டும். 1962-க்குப் பிந்தைய மோரிஸ் மைனர் 1000 வாங்கலாமா, 1980-85 மெர்சிடிஸ் 230இ (W123 உடல்) வாங்கலாமா? தீபகற்ப மலேசியாவில் சாலை வரி 1098 சிசி மைனருக்கு 55 ரிங்கிட், 2299 சிசி மெர்சிடிஸுக்கு 679.

மைனர் பணத்தைவிட கிரீஸைத்தான் அதிகம் கேட்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரனியனில் (மரையிட்ட மூட்டு) கிரீஸ் காய்ந்தால் செம்மண் சேறு புகுந்து மரையைத் தின்றுவிடும். பிறகு ஒரு திருப்பத்தில் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். 1,000 மைலுக்கு ஒருமுறை ஜாக்கியில் தூக்கி, இரு பக்கமும் மேலும் கீழுமாக உள்ள நான்கு நிப்பிள்களிலும் (கிரீஸ் ஏற்றும் முனைகள்) பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள். வாங்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. பிரேக் எண்ணெய் ஊற்றும் துளையும் கம்பளத்துக்கு அடியில்தான். கண்ணில் படாததை யார் பார்க்கிறார்கள்? நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஸ்பேனர் அங்குல அளவில் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை வழிந்துவிடும்.

மெர்சிடிஸுக்கு நான்கிலும் டிஸ்க், பிரேக்கும் இரட்டைச் சுற்று. தொல்லை தருவது கே-ஜெட்ரானிக் எனும் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு. வெயிலில் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தியபின் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தால், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் பெட்ரோல் அக்குமுலேட்டரையோ பம்பின் ஒருவழி வால்வையோ சந்தேகியுங்கள். அழுத்தம் இறங்கியதும் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. அழுத்தமானி இல்லாமல் பிளக்கையும் ஸ்டார்ட்டரையும் மாற்றுவது வீண் செலவு. மாதக்கணக்கில் நின்ற காரில் டேங்க் துரு போய், பெட்ரோலைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சரைச் சிக்கவைக்கும். அதற்கு ஊர்ப் பட்டறை போதாது.

பின்கண்ணாடியின் கீழ் மூலையும் ஜாக்கி வைக்கும் இடமும் துருப்பிடிக்கும். பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். கிளம்பும்போது அடியில் 'டக்' என்றால் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க் வெடித்திருக்கலாம்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் மைனர் லாரிகளோடு ஊரும். 136 குதிரைத்திறன் மெர்சிடிஸ் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். ஆனால் எதிரே செம்பனை லாரி வரும் தோட்டப் பாதையில் 1.55 மீட்டர் அகல மைனர் ஒதுங்கிவிடும், 1.79 மீட்டர் மெர்சிடிஸ் பின்வாங்க வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள்ளேயே பாதி ஓட்டம் என்றால் மைனர்தான். மெர்சிடிஸ்தான் வேண்டுமென்றால் அதே உடலில் கார்புரேட்டரோடு வந்த 1997 சிசி 200-ஐத் தேடுங்கள். ஜெட்ரானிக் தலைவலி இல்லை, சாலை வரியும் 378.50 ரிங்கிட்தான்.