வீட்டு கேக்: வெண்ணெயா எண்ணெயா, மைதாவா ரவையா, எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?

வீட்டில் செய்தால் கேக் மலிவு என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் அது எதை வாங்கிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் உப்பில்லாத வெண்ணெய், வெனிலா எசென்ஸ், கன்டென்ஸ்டு மில்க் டின், கோகோ பவுடர், பட்டர் பேப்பர் என்று கூடையை நிரப்பினால் பில் ஐந்நூறை நெருங்கிவிடும். அந்தக் காசுக்கு பேக்கரியிலேயே அரைக் கிலோ கேக் கிடைக்கும். அதோடு போகாது, கேக் தீர்ந்த பிறகு அரை டின் கன்டென்ஸ்டு மில்க் ஃப்ரிட்ஜில் கிடக்கும், கோகோ பவுடர் டப்பாவுக்குள்ளேயே கட்டிதட்டும். என் கணக்கில், ஒரு கேக்குக்காக வாங்கி மறுபடி தொடாமல் விட்ட பொருளின் விலையும் அந்த கேக்கின் விலைதான். ஆகவே அலமாரியில் ஏற்கெனவே இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எதை மாற்றினால் பரவாயில்லை, எதை மாற்றினால் கேக் கெடும் என்று பார்ப்போம்.

அளவுக்கு ஒரு சாதாரண கேக்கை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு கப் மைதா, அதாவது 125 கிராம், அதே எடைக்குச் சர்க்கரை, இரண்டு முட்டை, 100 கிராம் வெண்ணெய், கால் கப் பால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். விலையெல்லாம் எங்கள் பக்கத்துக் கடை விலை, உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கலாம்.

வெண்ணெயா, எண்ணெயா?

காசு போவது இங்கேதான். மைதா ஆறேழு ரூபாய், சர்க்கரையும் கிட்டத்தட்ட அதே, முட்டை இரண்டும் பதின்மூன்று, பால் நான்கு, எல்லாம் சேர்ந்து முப்பதைச் சுற்றித்தான் வரும். வெண்ணெய் மட்டும் தனியாக அறுபது! 2025 செப்டம்பரில் வெண்ணெய்க்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியபோது விலை கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தால் வருவதைப் போல அது இரண்டு மடங்கு. எண்ணெய் லிட்டர் 150 என்று வைத்தால் அதே வேலைக்குப் பதின்மூன்று ரூபாயில் முடியும்.

மாற்றும்போது கிராமுக்குக் கிராம் ஊற்றிவிடாதீர்கள். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 85 மில்லி எண்ணெய் போதும், விட்டுப்போன தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பாலைக் கூடுதலாகச் சேர்த்தால் சரியாக வரும். அப்படியே 100 மில்லி ஊற்றினால் கேக்கின் அடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் நிற்கும்.

ருசிக்கு வெண்ணெய்தான், அதில் சந்தேகமே இல்லை. அதற்கு இன்னொரு திறமையும் உண்டு, சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கேக் உப்புவதில் பாதி வேலை அங்கேயே முடியும். ஆனால் அதற்கு வெண்ணெய் 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், வழுக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ சமையலறையில் வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் குழைந்து போய்விடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது, அறுபது ரூபாய் கொடுத்து வாங்கியது எண்ணெய் செய்யும் வேலையைத்தான் செய்யும். எண்ணெய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை. காற்றை அது பிடிக்காது என்பதால் முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்துவிட்டுப் பிறகு எண்ணெயை மெல்ல ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மறுநாளும் மெத்தென்று இருப்பது எண்ணெய் கேக்தான். வெண்ணெய் கேக் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், சூரியகாந்தி எண்ணெயில் செய்தது அங்கேயும் இறுகாது.

எந்த எண்ணெய் என்று கேட்டால், வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் எதற்கும் ஒத்துப்போகும். செக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாசனையைக் காட்டிவிடும், வேண்டாம். தேங்காய் எண்ணெய் எல்லா கேக்குக்கும் சரிவராது, ஆனால் வெல்லமோ ரவையோ போட்ட கேக்கில் அது அருமையாக இருக்கும், நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் கேக்குக்கு நன்றாகவே பொருந்தும், அதற்கென்று தனி வாசனை இல்லை. அந்தக் கணக்கில் இந்த கேக்கின் எண்ணெய்ச் செலவு இரண்டு ரூபாய் சொச்சம்.

டால்டா வெண்ணெயைவிட மலிவு, அடித்தால் காற்றும் பிடிக்கும், பேக்கரிகள் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். 2022 ஜனவரியிலிருந்து டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தபிறகு அது முன்பு போல மோசமில்லை. ஆனாலும் வாயில் மேலண்ணத்தில் ஒரு மெழுகு போல ஒட்டும், வீட்டுக்காகச் செய்வதில் அது எதற்கு?

வெண்ணெயை விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் பிஸ்கட். எண்ணெய் பிஸ்கட் மணல் மாதிரி உதிரும். அங்கேயும் வீட்டில் இருக்கும் நெய்யே கைகொடுக்கும்: ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, பிசைந்து உருட்ட வருமளவு நெய், நெய் பிஸ்கட் தயார். வாரம் முழுக்கப் பாலாடை சேர்த்து வெண்ணெய் எடுக்கிற வீடுகளுக்கு இந்தத் தலைவலி எதுவுமே இல்லை.

முட்டை, தயிர், கன்டென்ஸ்டு மில்க்

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டைதான் மலிவு. உப்பவைப்பது, பிடித்து நிறுத்துவது, ஈரம் கொடுப்பது என்று மூன்று வேலைகளை ஆறேழு ரூபாய்க்குச் செய்து தரும் பொருள் வேறு எதுவும் இல்லை. நாமக்கல்லில் முட்டை விலை ஏறும் நாட்களிலும் இந்தக் கணக்கு மாறாது.

முட்டை வேண்டாம் என்றால் தயிர். ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர், கூடவே கால் டீஸ்பூன் ஆப்பச் சோடா. புளித்த தயிர் இன்னும் நல்லது, சாதத்தில் பிசைய முடியாமல் ஒதுக்கி வைத்த நேற்றைய தயிர் இங்கே தங்கம். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் உடனே நுரைக்கத் தொடங்கும், அதனால் கலந்ததும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். சோடாவை மட்டும் கூட்டாதீர்கள், கொஞ்சம் அதிகமானாலும் சோப்பு வாடை வரும், கேக்கும் கருத்துப்போகும்.

கன்டென்ஸ்டு மில்க் கேக் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டின் விலையில் இந்தச் சாதாரண கேக்கை எண்ணெய் ஊற்றி மூன்று தடவை செய்யலாம். அந்த வாரமே வீட்டில் பாயசம் வைக்கப் போகிறீர்கள், மீதி டின் அதில் போகும் என்றால் வாங்குங்கள்.

பேக்கிங் பவுடர் இல்லை, சோடாதான் இருக்கிறது என்றால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பேக்கிங் பவுடர் என்பதே சோடா, உலர்ந்த அமிலம், கொஞ்சம் மாவுப்பொருள் சேர்ந்த கலவைதான். ஒரு டீஸ்பூன் பவுடருக்குப் பதில் கால் டீஸ்பூன் சோடாவும் அரை டீஸ்பூன் வினிகரும் போதும், வினிகர் இல்லையா, எலுமிச்சைச் சாறு. பழைய டப்பாவில் உயிர் இருக்கிறதா என்று தெரிய ஒரு ஸ்பூன் பவுடரைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொங்கினால் சரி, சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள், அதை நம்பி மற்ற பொருளையெல்லாம் வீணாக்க வேண்டாம்.

மைதா, கோதுமை, ரவை

மைதாவில் கேக் மிருதுவாக வரும். கோதுமை மாவில் தவிடு இருப்பதால் ஈரத்தை அதிகம் இழுக்கும், கப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூட்டி, கலந்த மாவைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அப்படியும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், வாழைப்பழமோ வெல்லமோ போட்டால் அந்தக் கனமே பொருத்தமாகிவிடும். பழம் தோல் கருத்து யாரும் தொடாத நிலைக்கு வந்தபிறகுதான் கேக்குக்கு நன்றாக இருக்கும் என்பதால் அதுவும் மிச்சம்தான்.

என் ஓட்டு ரவைக்கு. உப்புமாவுக்காக எல்லா வீட்டிலும் இருக்கிறது, வாங்கி மீந்துபோகும் என்ற பயமே கிடையாது. மைதா மாவை அதிகம் கிண்டினால் கேக் ரப்பராகும், ரவையில் அந்த ஆபத்து மிகக் குறைவு, முதல்முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வறுக்காத ரவை ஒரு கப், தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் மூன்றில் ஒரு கப், எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். திறந்து பார்த்தால் ரவை தயிரை உறிஞ்சி இட்லி மாவைவிடக் கெட்டியாக நிற்கும், கரண்டியிலிருந்து விழவே யோசிக்கும். கொஞ்சம் பால் ஊற்றித் தளர்த்தி, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை சோடா, தட்டிய ஏலக்காய் இரண்டு போட்டு ஏற்றிவிடலாம். வெனிலா இல்லாத குறையே தெரியாது. ஒரே எச்சரிக்கை, பருமனான ரவையாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பல்லில் நறநறக்கும்.

பொடித்த சர்க்கரையைத் தனியாக வாங்க வேண்டாம், அதையும் மிக்ஸியே செய்யும். பட்டர் பேப்பருக்குப் பதில் பாத்திரத்தில் எண்ணெய் தடவி மாவைத் தூவித் தட்டிவிடலாம்.

ரெடிமிக்ஸ் வாங்கலாமா?

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடத்தில் சர்க்கரையும் மைதாவும்தான் இருக்கும். எண்ணெய் நீங்கள் ஊற்ற வேண்டும், பல மிக்ஸ்களில் முட்டையும் நீங்களே போட வேண்டும். அப்படியானால் காசு கொடுத்து வாங்குவது அளந்து வைத்த மைதாவும் சர்க்கரையும் கொஞ்சம் பவுடரும். தனியாக இருக்கிறவர், வீட்டில் அளவு கப்புகூட இல்லாதவர், வருடத்துக்கு ஒருமுறை செய்கிறவர் வாங்கலாம், அவர்களுக்குப் பொருள் மீந்துபோகாது. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

குக்கரா, ஓவனா?

மாதம் ஒரு கேக்குக்காக ஓவன் வாங்காதீர்கள், குக்கர் போதும். ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, அப்புறம் மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி சிம்மில் நாற்பது ஐம்பது நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது. சின்ன பர்னரில் அதற்கு நூறு கிராம் கேஸ்கூடச் செலவாகாது. தினமும் சமைக்கிற குக்கரை இதற்கு எடுக்காமல் பழையது ஒன்றை ஒதுக்குங்கள், வெறும் சூடு அதன் அடியைக் கெடுக்கும். குக்கரில் மேலே சிவக்காது, அது மட்டும்தான் குறை. பிஸ்கட் அடிக்கடி செய்கிற வீட்டுக்கு ஓவன் நியாயம், ஒரு தடவைக்கு ஒரு யூனிட் அளவில் கரண்ட் இழுக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடுகள் மட்டும் யோசிக்க வேண்டும், அதைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும்.

எங்கே வாங்குவது?

மைதா, ரவை, சர்க்கரைக்குத் தெருமுனை மளிகைக் கடை. 2022 ஜூலையிலிருந்து பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டிய மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்குக் கிடையாது. அதைவிடப் பெரிய லாபம், கால் கிலோ வேண்டும் என்றால் கால் கிலோ கட்டிக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் மைதாவிலும் ரவையிலும் வண்டு வராமல் இருக்க அதுதான் வழி. ஆனால் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து வாங்குங்கள், சிக்கு வாடை அடித்தால் வேண்டாம்.

எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் சலுகை வரும், அங்கே எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. (யூனிட் சேல் பிரைஸ், அதாவது ஓர் அலகுக்கான விலை) என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் கிராமுக்கு, அதற்கு மேலே என்றால் கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும். அரைக் கிலோ பாக்கெட்டில் 0.11 என்றும் பெரிய பாக்கெட்டில் 98 என்றும் இருந்தால், முதலாவது கிலோ 110 ரூபாய் என்று அர்த்தம். எண்ணெயில் இதைக் கட்டாயம் பாருங்கள், ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் சுமார் இருக்க வேண்டும், லிட்டர் பாக்கெட் போலவே தெரிகிற சிலவற்றில் எடை அதற்குக் குறைவாக இருக்கும்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் ஆப்களில் பொருளின் விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாம் கடைசித் திரையில்தான் வரும், இலவச டெலிவரிக்கு இன்னும் நாற்பது ரூபாய்க்கு வாங்குங்கள் என்று காட்டும், அந்த நாற்பதில்தான் வேண்டாத சாக்கோ சிப்ஸ் வீட்டுக்குள் நுழைகிறது. மாவைக் கலந்து வைத்த பிறகு சோடா இல்லை என்று தெரிந்தால் ஆப்பைத் திறப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிகை கேளுங்கள்.