சென்னையில் லீஸுக்கு வீடு பார்க்கிறீர்களா? நடுவில் நிற்கும் கம்பெனியிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

வேலை கிடைத்துக் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் மலைத்துப்போவது வாடகையைக் கேட்டுத்தான். அந்த நேரத்தில் 'மாத வாடகையே வேண்டாம், 7 லட்சம் கொடுங்கள், 2 வருஷம் கழித்து அப்படியே திருப்பித் தருகிறோம்' என்று விளம்பரம் கண்ணில் பட்டால் மனசு சாயத்தான் செய்யும். லீஸ், போகியம், தெற்கே ஒத்தி என்று நமக்குப் பழகிய ஏற்பாடுதான். வீட்டுக்காரரே நேரில் கொடுத்தால் தப்பில்லை. நடுவில் ஒரு கம்பெனி நின்றால் அங்கேதான் ஆபத்து. சேர்த்து வைத்ததையெல்லாம் இப்படித் தொலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய.

மடிப்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகை போகும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்கள் வீட்டுக்காரரிடம் போய், 'நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மாசம் பிறந்தால் வாடகை உங்கள் கணக்கில் ஏறிவிடும்' என்று 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள். அதே வீட்டை உங்களுக்கு 7 லட்சத்துக்கு லீஸ் விடுவார்கள். நீங்கள் 7 லட்சம் கொடுத்தது அவருக்குத் தெரியாது. அவர் மாச வாடகை வாங்குவது உங்களுக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு வாடகை 2,16,000. உங்கள் 7 லட்சத்திலிருந்து அது வர வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 31 சதவீத லாபம் வேண்டும். முதலுக்கு மோசம் வராமல் அப்படிக் கொடுக்கிற இடம் எதுவும் கிடையாது. அடுத்து ஏமாறப்போகிறவரின் பணத்தில்தான் உங்கள் வீட்டு வாடகை போய்க்கொண்டிருக்கும். புது ஆள் வருவது குறைந்தால் வாடகை நிற்கும். வீட்டுக்காரர் இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார். கம்பெனி ஆபீஸில் பூட்டுத் தொங்கும்.

அப்போது கையில் இருப்பது முத்திரைத்தாளும் நோட்டரி சீலும்தான். அந்தத் தாளை முதலிலேயே உற்றுப் படியுங்கள். 'உரிமையாளர்' என்ற இடத்தில் கம்பெனி பெயர் இருக்கும், அல்லது 'உரிமையாளரின் பிரதிநிதி' என்று இருக்கும். பவர் பத்திரம் இணைத்திருக்க மாட்டார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் உள்வாடகை விட முடியாது. சொத்தையே ஈடாகப் பெறும் போகியம் என்றால், 100 ரூபாய்க்கு மேல் போனாலே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவு கசக்கும். ஆனால் பதிந்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறும். நோட்டரி சீல் பதிவுக்கு ஈடாகாது.

டோக்கன் கொடுக்கும் முன்பே அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் அசல் பேங்கில் இருக்கலாம். வீட்டுக்காரர் கடனைக் கட்டாவிட்டால் பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம், சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரும் தெரிந்தால் போதும். கரன்ட் பில்லிலும் சொத்து வரி ரசீதிலும் உள்ள பெயர் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் செயலாளரிடம் வீட்டுக்காரரின் போன் நம்பரை வாங்கிப் பேசுங்கள். புரோக்கர் கொடுக்கும் நம்பரில் பேசாதீர்கள், எதிர்முனையில் அவர்கள் ஆளே 'ஆமாங்க, நான்தான் ஓனர்' என்பார். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் வீடியோ காலில் பத்திரத்தோடு வரச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

பணம் வீட்டுக்காரரின் பேங்க் கணக்குக்கே போகட்டும், ரொக்கமாக வேண்டவே வேண்டாம். லீஸ் வேண்டாம், வாடகைக்கே போகிறேன் என்பவர்கள் அட்வான்ஸ் பேசும்போது, சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை என்பதை நினைவில் வையுங்கள். 10 மாதம் கேட்பது வெறும் பழக்கம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் ஏமாந்தவர்தான். இனி வாடகையை நேராக அவருக்கே தருவதாகப் பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருவரும் சேர்ந்து புகார் கொடுங்கள். பெருந்தொகை என்றால் வேப்பேரியில் கமிஷனர் அலுவலகத்திலுள்ள மத்திய குற்றப்பிரிவு. தாம்பரம், ஆவடிப் பக்கம் 2022 முதல் தனித்தனி கமிஷனர் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒப்பந்த நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் நான்கையும் கொண்டுபோங்கள். புகார் கொடுத்ததும் மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.