குமரி மாவட்டத்தில் உலக உயர மாதிரிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் பாசனக் குளங்களுக்கும் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் வேலையில், படத்தைவிட அதை நேர்ப்படுத்த உதவும் உயரத் தரவுதான் கூடுதல் கவனம் கேட்கிறது. சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தில் மேடான இடங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். 20 பாகைச் சாய்வில், உயரத்தில் 10 மீட்டர் பிழை இருந்தாலே தரையில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் இடம் பெயர்ந்துவிடும். அதைப் புலப்படத்தின் மேல் வைத்தால் எல்லைக்கோடு பக்கத்துக்காரரின் விளைக்குள் போய் நிற்கும். நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும், இலவசமாகக் கிடைக்கும் உயர மாதிரிகளான எஸ்.ஆர்.டி.எம்., ஆஸ்டர், ஜப்பானின் ஏடபிள்யூ3டி30, இஸ்ரோவின் கார்ட்டோடெம், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் ஆகிய ஐந்தையும் இங்கே பல பருவங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

இவற்றில் எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், நம் பகுதிக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜியாய்டு (புவியீர்ப்பின்படி அமையும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு) உலகிலேயே மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல்மட்டம் எலிப்சாய்டுக்கு, அதாவது பூமியைச் சற்றுத் தட்டையான உருண்டையாகக் கொள்ளும் கணிதப் பரப்புக்கு, சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. குமரிக் கரையிலும் அந்தத் தாழ்வு 90 மீட்டருக்கு மேல். படத்துடன் வரும், தரைப்புள்ளியைப் படப்புள்ளியோடு இணைக்கும் ஆர்.பி.சி. கெழுக்கள் எலிப்சாய்டு உயரத்தைத்தான் எதிர்பார்க்கின்றன, எஸ்.ஆர்.டி.எம்., கோப்பர்நிக்கஸ் போன்றவையோ கடல்மட்ட உயரத்தைத் தருகின்றன. மாற்றாமல் அப்படியே கொடுத்தால் 20 பாகைப் படம் 30 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். முழுப்படமும் ஒரே திசையில் சேர்ந்து நகர்வதால் எதுவும் கோணலாகத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம். கையால் இழுத்துப் பொருத்திவிடுவோர் உண்டு. அந்த ஒரு படத்துக்கு அது போதும், ஆனால் அடுத்த ஆண்டு வேறு கோணத்தில் எடுத்த படம் வேறு திசையில் விலகி நிற்கும். கார்ட்டோடெம் எலிப்சாய்டு உயரத்தையே தருகிறது. முட்டம் கடற்கரை அதில் மைனஸ் தொண்ணூறுகளில் தெரிவதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். படத்தை நேர்ப்படுத்தும் ஜிடால் மென்பொருள், உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது என்ற செங்குத்து ஆதாரம் உயரக் கோப்பில் குறிக்கப்பட்டிருந்தால் மாற்றத்தைத் தானே செய்துவிடும். குறிக்கப்படாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடும்.

எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்களில் ரேடாரால் அளந்தது. இன்றும் கெட்டியான தரவுதான், வயதுதான் குறை. கல்குவாரியாகிக் குழியாகிவிட்ட பாறைக்குன்றுகள் அதில் இன்னும் குன்றாகவே நிற்கின்றன. அங்கே நேர்ப்படுத்திய படம் குழியின் ஓரத்தை இழுத்து மடக்கிவிடுகிறது. கோப்பர்நிக்கஸ், 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் என்ற இரட்டை ரேடார் செயற்கைக்கோள்கள் திரட்டிய தரவு. அருமனை, குலசேகரம் பக்கம் இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகப் பல மீட்டர் ஏற்ற இறக்கம் தெரியும். நிலம் அங்கே அசையவே இல்லை; முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்த பிளாக்குகள்தான் அப்படித் தெரிகின்றன. ரேடார் மரத்தலைகளையே பெரும்பாலும் பார்க்கிறது. ஆஸ்டர் ஒளிப்படச் சோடிகளிலிருந்து உருவானது; இரண்டு பருவமழையும் பெறும் நம் மலையடிவாரத்தில் மேகம் விட்ட தழும்புகள் அதில் நிறைய, ஆகவே அதை ஒதுக்கிவிட்டேன். ஏடபிள்யூ3டி30 அதே ஒளிப்பட முறைதான் என்றாலும் மகேந்திரகிரி போன்ற செங்குத்துச் சரிவுகளில், ரேடாருக்கு நிழல் விழும் இடங்களில், முகடுகளைக் கூர்மையாகக் காட்டுகிறது. பொதுவான வேலைக்கு என் தேர்வு கோப்பர்நிக்கஸ். பேச்சிப்பாறை நீர்ப்பரப்பை அது சமமாக வைத்திருப்பதும் ஒரு வசதி.

எந்த மாதிரியாலும் தீராதவையும் உண்டு. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் குறுக்குவாட்டில் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தை நேர்ப்படுத்தினால், இரு முனைகளும் குன்றுகளில் சரியாகப் பொருந்தியிருக்க, நடுப்பகுதி மட்டும் வில்லாக வளைந்து நிற்கும். பாலம் ஆற்றுக்கு மேல் 115 அடி உயரம், தொட்டியின் அகலமோ இரண்டு மீட்டர் சொச்சம். 30 மீட்டர் கட்டத்துக்கு அது தென்படுவதில்லை, மாதிரி அடியில் ஓடும் பறளியாற்றின் உயரத்தைத்தான் கொடுக்கிறது. 20 பாகைச் சாய்வில் கணக்குப்படி விலகல் 12 மீட்டருக்கு மேல் வரும், படத்திலும் அவ்வளவே வருகிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் சாய்ந்து படுப்பதும் இதே காரணத்தால்தான்.

ஏலாக்களில் (தாழ்வான வயல்வெளிகளில்) நீரோட்டம் பார்க்க வேண்டுமானால் மரமும் கட்டடமும் கழித்த தரை உயரம் வேண்டும். கோப்பர்நிக்கஸிலிருந்து அப்படி உருவாக்கி 2022இல் வெளியிட்ட ஃபேப்டெம் தென்னந்தோப்புகளுக்கு இடையே நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. கூலி வாங்கிச் செய்யும் வேலையில் அதைச் சேர்க்க முடியாது. நான்கு வழிச்சாலைக்காகக் குளங்களின் குறுக்கே எழுப்பிய மண்கரைகள் ஐந்து மாதிரிகளிலும் கிடையாது. அந்த இடங்களுக்கு மட்டும் டிரோன் எடுத்து, அந்த உயரத்தை எலிப்சாய்டிலேயே வைத்து, எலிப்சாய்டுக்கு மாற்றிய கோப்பர்நிக்கஸில் ஒட்டிக்கொள்கிறேன்.