பொன்விழாவுக்கு ஷீல்டு வேண்டாம், தபால் ஆபீஸுக்குப் போங்கள்: சிறப்பு உறை, 'மை ஸ்டாம்ப்' (My Stamp) பற்றி

எங்கள் பல்கலைக்கழகப் பொன்விழாக் குழுவில் முன்னாள் மாணவர்கள் சார்பில் இருந்தேன். நினைவுப் பரிசு என்ற பேச்சு வந்ததுமே ஷீல்டு, சால்வை, பை என்று வழக்கமான பட்டியல்தான் ஓடியது. அஞ்சல் துறையைக் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு பேராசிரியர் சொல்ல, அலையும் வேலை என்னிடம் வந்தது. மொத்த விழாவிலும் கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி தந்தது இதுதான்.

பலர் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நினைவு அஞ்சல்தலை என்பது மத்திய அரசு வெளியிடுவது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களுக்கு நூறு வயது ஆனபோது 1957-இல் ஆளுக்கொரு 10 நயா பைசா தலை வந்தது, 2020-இல் லக்னோ பல்கலைக்கழக நூற்றாண்டுக்குத் தலையோடு 100 ரூபாய் நாணயமும் சேர்த்துப் பிரதமர் வெளியிட்டார். இப்படி ஒரு தலைக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும், அப்புறம் ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும், அதன் பிறகும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் விழா நாளுக்கென்றே முத்திரை குத்தி வாங்கும் சிறப்பு உறையும், நம் படத்தோடு வரும் தலையான மை ஸ்டாம்ப்பும் எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் எட்டக்கூடியவை.

நாங்கள் போனது சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் உள்ள அஞ்சல்தலை மையத்துக்கு. 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் படம் ஓட்டிய பழைய கட்டடம் அது, வேலை இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். மை ஸ்டாம்ப் ஒரு தாளில் 12 தலைகள், 300 ரூபாய். ஒவ்வொன்றும் 5 ரூபாய்த் தலை, பக்கத்திலேயே நாம் கொடுக்கும் படம் அச்சாகி வரும், கடிதத்தில் ஒட்டி அனுப்பவும் செய்யலாம். பல்கலைக்கழகச் சின்னம் போடுவதென்றால் பதிவாளரின் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். ஒரே குறை, படம் வரும் இடம் சின்னது. முதல் துணைவேந்தரும் ஆசிரியர்களும் நிற்கும் குழுப்படத்தைப் போட்டுப் பார்த்தால் ஒரு முகமும் தெரியவில்லை, நுழைவாயில் படம் மட்டும் பளிச்சென்று வந்தது.

சிறப்பு உறைதான் என் மனதில் நிற்பது. உறையை நாம் அச்சடிக்கிறோம், அவர்கள் அந்த நாளுக்கென்றே ஒரு சித்திர முத்திரை செய்து குத்தித் தருகிறார்கள். எங்கள் ஓவிய மாணவி நூலகத்தின் மணிக்கூண்டைச் செங்கல் செங்கலாக வரைந்து கொடுத்திருந்தாள். மையத்தில் இருந்த அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, "கோடு இவ்வளவு நெருக்கமா இருந்தா மை அடைச்சுக்கும்மா, வெளிக்கோடு மட்டும் போதும்" என்று பென்சிலால் குறித்தே காட்டினார். அந்த ஒரு திருத்தத்தால்தான் முத்திரை அத்தனை சுத்தமாக விழுந்தது. இப்படி நம் வேலையைத் தன் வேலையாக எடுத்துச் செய்பவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

சொதப்பியது உறை அச்சடித்த இடம். சாதாரணத் தாள் என்று சொல்லியும் வழவழப்புத் தாளில் அடித்து அனுப்பிவிட்டார்கள், அதில் முத்திரை மை காயவே இல்லை, விரல் பட்டால் இழுபட்டது. சண்டை போட்டுத் திரும்ப அடித்து வாங்கினோம். நீங்கள் முதலில் பத்து உறை மட்டும் அடிக்கச் சொல்லி, ஏதாவது ஒரு ரப்பர் முத்திரையைக் குத்திப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

விழா நாளில் அரங்க வாசலில் மேசை போட்டு அஞ்சல் ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். மேடைப் பேச்சை விட அங்கேதான் கூட்டம். முதல் பேட்ச்சில் படித்த ஒரு அம்மா உறை வாங்கி, அங்கேயே பேத்தியின் முகவரியை எழுதித் தலை ஒட்டி நீட்டினார், "தேதி நல்லா தெரியுற மாதிரி குத்துங்க தம்பி" என்று கேட்டு வாங்கினார். ஷீல்டை யாராவது இப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 2029-இல் நூறு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2032-இல் 175. அங்கே குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அரசு தலைக்கான விண்ணப்பத்தை இரண்டு ஆண்டுக் கணக்கு தவறாமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். சிறப்பு உறைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, முத்திரைப் படத்தை இப்போதே மாணவர்களிடம் போட்டியாக வைத்து வாங்கிவிடலாம்.